“தேடினேன், கிடைக்கவில்லை”: தேடுபொறியை எதை வைத்து எடைபோடுவது?

இணையத்தில் தமிழில் நடக்கும் வாதங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி வந்து விழும். “கூகுள்ல தேடிப் பார்த்துட்டேன், அப்படி ஒண்ணும் இல்லை.” சொன்னவர் அதோடு விஷயம் முடிந்தது என்று எழுந்து போய்விடுவார். எதிரில் இருப்பவரும் பெரும்பாலும் அடங்கிவிடுவார். இந்தச் சொல் பழைய நூல்களில் கிடையாது, இந்தச் சம்பவத்தை அந்தக் காலத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை, இந்த வழக்கம் நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்ததே இல்லை என்றெல்லாம் தீர்ப்புகள் எழுதுகிறோம். பல சமயம் அதற்கு ஆதாரம் ஒரு தேடல் பெட்டியும் இரண்டு நிமிஷமும்தான்.

“எந்தத் தேடுபொறி சிறந்தது?” என்று ஒப்பிடும் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. வேகம், விளம்பரத் தொல்லை, அந்தரங்கத் தகவல்களைச் சேமிக்கிறதா இல்லையா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அதெல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் எதையாவது ஆராய்ந்து எழுதுவதற்காகத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பொறி “இல்லை” என்று சொன்னால் அதை எவ்வளவு நம்பலாம்? ஒப்பீட்டுக் கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை. தொடாததற்குக் காரணமும் உண்டு. அளப்பது கஷ்டம்.

எவ்வளவு கஷ்டம் என்பது இணையத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி. 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் 1,400 ஆவணங்களை வைத்துத் தேடல் முறைகளைச் சோதித்தார். அந்த மரபிலிருந்து இரண்டு அளவுகோல்கள் இன்றுவரை புழக்கத்தில் இருக்கின்றன. வந்து விழுந்தவற்றில் எத்தனை உருப்படியானவை என்பது ஒன்று. எங்கோ இருக்கும் உருப்படியானவற்றில் எத்தனை வந்து விழுந்தன என்பது இன்னொன்று. முதலாவதைத் தேடுகிறவரே கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். இரண்டாவதைச் சொல்ல முடியாது. வராதது எப்படிக் கண்ணில் படும்?

இதைப் பற்றி நான் படித்ததில் மறக்க முடியாத ஆய்வு 1985ல் டேவிட் பிளேரும் மாரோனும் வெளியிட்டது. ஒரு பெரிய வழக்குக்காக ஏறக்குறைய 40,000 ஆவணங்களை, சுமார் 3,50,000 பக்கங்களை, ஐபிஎம்மின் ‘ஸ்டேர்ஸ்’ என்ற மென்பொருளில் ஏற்றியிருந்தார்கள். முழு வாசகத்திலும் சொல்லைப் போட்டுத் தேடலாம், அந்தக் காலத்துக்கு அது பெரிய வசதி. தங்களுக்கு வேண்டிய ஆவணங்களில் முக்கால் பங்காவது கிடைத்தாக வேண்டும் என்று வழக்கறிஞர்கள் நிபந்தனை போட்டார்கள். திருப்பித் திருப்பித் தேடினார்கள். “போதும், கிடைத்துவிட்டது” என்று அவர்களே சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள். ஆய்வாளர்கள் பிறகு, தேடலில் வராமல் போன ஆவணங்களிலிருந்து மாதிரிகள் எடுத்துப் பார்த்தார்கள். கிடைத்திருந்தது சராசரியாக 20 சதவீதம். முக்கால் பங்கு என்று நம்பியவர்கள் கையில் இருந்தது ஐந்தில் ஒரு பங்கு.

ஏன் அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை? வந்து விழுந்தவற்றில் 79 சதவீதம் சரியானவையாக இருந்தன. பார்த்த பக்கமெல்லாம் பொருத்தமாக இருந்தால் மனசு நிறைந்துவிடுகிறது. தேடுபொறி நன்றாக இருக்கிறது என்று நாம் சொல்வதும் இந்த நிறைவைத்தான். வராமல் போனதற்கான காரணம் ரொம்பச் சாதாரணமானது, ஆட்கள் வேறு வேறு சொற்களில் எழுதியிருந்தார்கள். வழக்கறிஞர் ‘விபத்து’ என்று தேடுகிறார். வழக்கில் மாட்டிக்கொண்ட தரப்பு எழுதிய கடிதங்களில் அந்தச் சொல்லே இல்லை. ‘சம்பவம்’, ‘பிரச்சினை’, ‘சிரமம்’ என்று நாசூக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் அரசுக் கோப்புகளைப் படித்தவர்களுக்கு இந்த நாசூக்கு புதுசு இல்லை.

ஆங்கிலத்திலேயே, ஒரே வழக்கின் ஒரே கட்டு ஆவணங்களிலேயே, இந்தக் கதி. தமிழுக்கு வருவோம்.

ஒரு தேடுபொறியை எடைபோட, பதில் ஓரளவு நமக்கே தெரிந்த கேள்வியைக் கொடுத்துப் பார்ப்பதுதான் நல்ல வழி. நான் பயன்படுத்தும் கேள்வி 1876-78 பஞ்சம். தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சம் அது. இந்தியா முழுவதும் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சென்னைக்கு ஓரமாக ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது, அப்போதைய ஆளுநரின் பெயர்தான் அதற்கு. ஆங்கிலத்தில் தேடினால் வில்லியம் டிக்பி 1878ல் எழுதிய இரண்டு தொகுதிகள், ஆணைய அறிக்கைகள், புகைப்படங்கள் என்று கொட்டும். தமிழில் தேடினால் சில வலைப்பதிவுகள், செய்தித்தாள் கட்டுரைகள், ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துப் போட்ட பத்திகள். இதைப் பார்த்துவிட்டுத்தான் “இவ்வளவு பெரிய சாவு நடந்திருக்கு, தமிழன் ஒரு வரி எழுதி வைக்கலை” என்று எழுதிவிடுகிறோம். இறந்துபோன ஒரு தலைமுறையின் மேல் ஊமைப் பட்டம் கட்டும் வாக்கியம் இது. கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டாமா?

அந்தத் தலைமுறை ‘1876’ என்று எழுதவில்லை. ‘தாது வருஷம்’ என்று எழுதியது. சரி, ‘தாது’ என்று தேடுவோம். தாது மணல் கொள்ளை வரும், தாது உப்புகள் நிறைந்த காய்கறிகள் வரும், கொஞ்சம் கீழே போனால் தாதுபுஷ்டி லேகியம் வரும். ‘தாது வருஷம்’ என்று சேர்த்துப் போட்டால், அறுபது வருஷச் சுழற்சியில் அதே பெயர் 1936-37லும் 1996-97லும் திரும்ப வந்திருக்கிறது, ஆகவே ஜாதகப் பலன்களும் வரிசையில் நிற்கும். வருஷம் என்று எழுதியவர் உண்டு, வருடம், ஆண்டு என்று எழுதியவரும் உண்டு. பஞ்சம் அடுத்த ஈசுவர வருஷத்திலும் நீண்டது.

‘பஞ்சம்’ என்பதே ஒரே சொல் இல்லை. தமிழ் வாக்கியத்தில் அந்தச் சொல் அப்படியே வருவது குறைவு. பஞ்சத்தில், பஞ்சத்துக்கு, பஞ்சத்தால், பஞ்சங்கள் என்று வால் முளைத்துத்தான் வரும். மேற்கோள் குறிக்குள் ‘பஞ்சம்’ என்று போட்டால் இந்த வால்களெல்லாம் வெட்டுப்படும். வாலை விட்டுவிட்டு ‘பஞ்ச’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் கேட்டால் பஞ்சு, பஞ்சாயத்து, பஞ்சாங்கம், பஞ்சாப் என்று ஊரே திரண்டு வரும். ‘பஞ்சத்’ என்று நிறுத்திக் கேட்க முடிந்தால்தான் வேலை நடக்கும். சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டு “இதில் தொடங்குவது எல்லாம்” என்று கேட்கும் வசதி ஆல்டாவிஸ்டாவில் இருந்தது. 1995 டிசம்பரில் தொடங்கிய பொறி அது, 2013ல் மூடிவிட்டார்கள். கூகுளில் நட்சத்திரக் குறி ஒரு முழுச் சொல்லுக்குப் பதிலாகத்தான் நிற்கும், சொல்லின் வாலுக்குப் பதிலாக நிற்காது. வேற்றுமை உருபுகளை ஒட்டி ஒட்டிப் பேசும் மொழிக்கு எது மிகவும் தேவையோ அது இருந்த காலத்தில் தேட யூனிகோடில் தமிழ்ப் பக்கங்கள் இல்லை. பக்கங்கள் பெருகியபோது வசதி போய்விட்டது.

இதைத் தாண்டினாலும் சொற்கள் தீரவில்லை. பஞ்சத்துக்குக் கொங்குப் பக்கத்தில் ‘கரிப்பு’ என்று வழங்கியிருக்கிறது. ‘கருப்பு’ என்ற சொல்லுக்கும் பஞ்சம் என்ற பொருள் உண்டு. அதைத் தேடல் பெட்டியில் போட்டால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை, நிறமும் சட்டையும் கருப்புப் பணமும்தான். பழைய உரைகளில் ‘வற்கடம்’. மணிப்பிரவாளக்காரர் கையில் ‘க்ஷாமம்’. வில்லியப்ப பிள்ளையின் நூல் ஒன்று 1899ல் வந்தது, இந்தப் பஞ்சத்தோடு சேர்த்துப் பேசப்படும் நூல், பெயர் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’. தலைப்பிலேயே பஞ்சம் இருக்கிறது, ஆனால் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று மேற்கோளிட்டுத் தேடுகிறவர் வலையில் அந்தத் தலைப்பு விழாது. கொங்கு நாட்டுப் பஞ்சக் கும்மிகளைப் புலவர் செ. இராசு பதிப்பித்திருக்கிறார். எழுதி வைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு இந்த இரண்டு நூல்களிலேயே அடிபட்டுப்போகிறது.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பொறிகளைப் பார்த்தால், நல்லது கெட்டது பற்றிய நம் வழக்கமான அபிப்பிராயம் கொஞ்சம் புரளும்.

கூகுளிடம் தமிழ்ப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. என் அனுபவத்தில் மற்ற எதையும்விட அதிகம். ஆனால் அது நாம் கேட்டதைத் தேடுவதில்லை. நாம் என்ன கேட்டிருப்போம் என்று அது நினைக்கிறதோ அதைத் தேடுகிறது. ஹோட்டல் தேடுகிறவருக்கு அது உதவி. சொல்லாராய்ச்சிக்காரருக்கு உபத்திரவம். முன்பு ஒரு சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் அந்தச் சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பொருள். 2011 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். கூச்சல் கிளம்பவே அடுத்த மாதம் ‘வெர்பேட்டிம்’ என்று ஒரு வசதி வந்தது. இன்றும் கருவிகள் பட்டியலுக்குள் அது ஒளிந்திருக்கிறது, தமிழில் ஆராய்கிறவர்கள் அதை ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். சில முடிவுகளுக்குக் கீழே, கேட்ட சொல் அந்தப் பக்கத்தில் இல்லை என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு போட்டு, அந்தச் சொல்லை அடித்துக் காட்டியிருக்கும். எனக்கு கூகுளில் பிடித்த இடம் அதுதான். தான் கீழ்ப்படியவில்லை என்று பொறியே ஒத்துக்கொள்ளும் இடம்.

“சுமார் இத்தனை ஆயிரம் முடிவுகள்” என்ற எண்ணை மட்டும் தயவுசெய்து யாரும் ஆதாரமாகக் காட்ட வேண்டாம். அது மதிப்பீடு. கடைசிப் பக்கம்வரை தட்டிக்கொண்டே போனால் ஆயிரங்கள் சில நூறாக வற்றிவிடுவதை யாரும் பார்க்கலாம். ‘இந்தச் சொல்லுக்கு 40,000 முடிவு, அந்தச் சொல்லுக்கு 12,000, எனவே இதுதான் மக்கள் வழக்கு’ என்ற பாணி வாதங்களுக்குக் காலே கிடையாது.

“நான் கூகுளை மட்டும் நம்பலை, நாலு பொறியில் பார்த்தேன்” என்பவர்களும் உண்டு. எந்த நாலு? டக்டக்கோ, எகோசியா, யாகூ ஆகியவை தங்கள் முடிவுகளுக்கு நீண்ட காலமாகப் பெருமளவு மைக்ரோசாஃப்ட்டின் பிங்கைச் சார்ந்திருந்தவை. 2024 மே 23 அன்று பிங் சில மணி நேரம் படுத்தபோது டக்டக்கோவும் எகோசியாவும் சேர்ந்தே படுத்தன. ஸ்டார்ட்பேஜ் வெகுகாலமாகக் கூகுளின் முடிவுகளை வாங்கிக் கொடுக்கும் கடை. பலகை நாலு, கிடங்கு இரண்டு. அந்தரங்கம் முக்கியம் என்றால் இந்தக் கடைகளுக்குப் போவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்னொரு சாட்சி வேண்டும் என்று போவதில் பயன் கம்மி. இணையத்தைத் தாங்களே தவழ்ந்து சொந்தமாகச் சொல்லடைவு கட்டுகிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சப் பேர்தான்: கூகுள், பிங், ரஷ்யாவின் யாண்டெக்ஸ், பிரேவ், பிரிட்டனின் சின்ன நிறுவனமான மோஜீக் என்று விரல்விட்டு எண்ணலாம். தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இந்த வரிசையிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுப்பது உருப்படியான வேலை.

தேர்ந்தெடுப்பது என்றே பெரும்பாலோர் விஷயத்தில் சொல்ல முடியாது. ஐபோனின் சஃபாரியில் கூகுள் முன்னிருப்பாக இருப்பதற்கு 2022ல் மட்டும் ஆப்பிளுக்குக் கொடுத்த தொகை 2,000 கோடி டாலர். கூகுள் தேடல் சந்தையில் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்புச் சொன்ன வழக்கில் வெளிவந்த கணக்கு அது. விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி தேடுகிறவர் பக்கம் நிற்காது, விளம்பரக்காரர் பக்கம்தான் சாயும் என்று ரொம்ப நாளைக்கு முன்னாலேயே இரண்டு மாணவர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில் எழுதினார்கள். வருஷம் 1998. மாணவர்கள் பெயர் செர்கேய் பிரின், லாரி பேஜ்.

பொதுப் பொறிகளை விட்டு ஆவணக் களஞ்சியங்களுக்குள் போனால் சுத்தமான பூஜ்யம் கிடைக்கும். எதையாவது நிரப்பிக் கொடுக்கும் பழக்கம் அவற்றுக்கு இல்லை. இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்தப் பூஜ்யத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாம் முக்கியமாகத் தேடுவது நூலின் பெயர், ஆசிரியர் போன்ற விவரங்களை. அங்கே பூஜ்யம் வந்தால் அட்டையில் அந்தச் சொல் இல்லை என்றுதான் அர்த்தம், உள்ளே இல்லை என்றல்ல. ஆர்க்கைவ் தளத்தில் விவரங்களைத் தேடுவது வேறு, உள்ளடக்கத்தைத் தேடுவது வேறு, பெட்டிக்குக் கீழே மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமலே “ஆர்க்கைவ்லயும் இல்லை” என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் நூல்களை எழுத்துணரிக்கு உட்படுத்த முடியாது என்று பல வருஷம் அந்தத் தளமே குறித்து வைத்திருந்தது. அப்படிப்பட்ட ஸ்கேன்கள் வெறும் படங்கள். தேடலுக்கு அவை இல்லாத நூல்கள். தவிர, பல நூல்களுக்குத் தலைப்பே ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். பஞ்சத்தில் வரும் ‘ச’வை ஒருவர் ‘ஜே’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘சி’ போட்டு, மூன்றாமவர் ‘சி, ஹெச்’ போட்டு.

எழுத்துணரி ஓடியிருந்தாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு அதற்குப் பெரிய சோதனை. 1978ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னால் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை வைத்தும், ணா, றா, னா ஆகியவை சுழித்தும் அச்சிடப்பட்டன. பழைய நூல்களில் சொற்களைப் புணர்ச்சியோடு சேர்த்தே கோத்திருப்பார்கள், ‘தாதுவருஷப்பஞ்சத்திலே’ என்று ஒரே சரமாக. வரி முடிந்தால் இணைப்புக்கோடு இல்லாமல் சொல் பாதியில் முறிந்து அடுத்த வரிக்குப் போகும். துணைக்கால் ‘ர’ ஆகும், ‘எ’ தமிழ் எண் ஏழாகும். ‘ஔ’ என்ற ஓரெழுத்தை ‘ஒ’வும் ‘ள’வுமாகத் தட்டியவர்கள் புண்ணியத்தில் ஔவையாரே இணையத்தில் இரண்டு பேர். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘ஸ்ரீ’ யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. இதையெல்லாம் எந்தப் பொறி சேர்த்துப் பார்க்கிறது, எது பார்ப்பதில்லை என்று அவர்கள் அறிவிப்பதில்லை. நாமேதான் இரண்டு வடிவத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் தளத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை வரும். அங்கே பல பழைய இதழ்களின் பொருளடக்கத்தை மனிதர்கள் உட்கார்ந்து தட்டி வைத்திருக்கிறார்கள். கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயரும் சரியான எழுத்தில் கிடைப்பதால் தேடல் பிடித்துக்கொள்கிறது. அரைகுறை எழுத்துணரியில் போன ஆயிரம் பக்கத்தைவிட, கையால் தட்டிய ஒரு பக்கப் பொருளடக்கம் ஆய்வாளருக்கு மேல் என்பது என் கட்சி. தமிழ்நாட்டுக் களஞ்சியங்கள் ஸ்கேன் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வதை நிறுத்திவிட்டு இதைச் செய்யலாம்.

கேள்வி கேட்டால் நேரே பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளைப் பற்றியும் கேட்பீர்கள். அவற்றைப் பற்றி எனக்கு இருக்கும் புகார் ஒன்றுதான். அவை பூஜ்யம் சொல்வது அபூர்வம். எதைக் கேட்டாலும் சரளமாக ஒரு பத்தி வந்துவிடும், பிளேரும் மாரோனும் பார்த்த அந்த மன நிறைவு இன்னும் சீக்கிரமாக வந்துவிடும். வேறு என்ன சொற்களில் தேடலாம் என்று யோசனை கேட்க அவை உதவும். கேட்டுவிட்டு, வந்த ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் சரிபார்க்க வேண்டும்.

அகராதி என்றதும் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924-36, ஆறு தொகுதிகள், பிறகு 1939ல் ஒரு பிற்சேர்க்கை) சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும்படி இருக்கிறது. தமிழ்ச் சொல்லைப் போட்டு அர்த்தம் பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். விளக்கப் பகுதியிலும் தேடலாம். பஞ்சத்துக்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டால், அந்த அர்த்தமுள்ள பழைய தமிழ்ச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். எந்தப் பெரிய தேடுபொறியில் நுழைவதற்கு முன்னாலும் அந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழித்துவிட்டுப் போவது நல்லது.

“கிடைக்கவில்லை” என்று எழுதும்போது எந்தக் கிடங்கில், எந்தெந்தச் சொல் வடிவங்களில், எந்தத் தேதியில் தேடியது என்று ஒரு வரி கூடச் சேர்த்தால் போதும், அடுத்து வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். பஞ்சத்துக்கான என் பட்டியலில் இப்போதைக்கு இருப்பவை: பஞ்சம், கரிப்பு, கருப்பு, வற்கடம், க்ஷாமம், தாது வருஷம், கஞ்சித்தொட்டி. உங்கள் ஊரில், உங்கள் வீட்டுப் பாட்டி வாயில், இதற்கு வேறு பெயர் கேட்டிருந்தால் எழுதி அனுப்புங்கள். சேர்த்துத் தேடிப் பார்க்கிறேன்.